மலாய் காரப் பழக்கலவை: செய்முறையும் நாங்கள் படித்த பாடமும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் குழுவின் சார்பில் பேசியதைப் பலரும் எழுத்தில் கேட்டதால் இங்கே தருகிறோம்.)



போன மாதக் கூட்டத்துக்கு நாங்கள் தூக்குவாளியில் ஒரு பழக்கலவை கொண்டு வந்தோம். ருசி பார்த்தவர்கள், "இது என்னம்மா, ஊறுகாயும் இல்லை, பச்சடியும் இல்லை, புளிப்பும் காரமும் இனிப்பும் ஒண்ணா நாக்குல ஏறுதே" என்று கேட்டீர்கள். அதன் பெயர் ரோஜாக். மலேசியாவில் தெருவுக்குத் தெரு விற்கிற பண்டம். செய்முறையைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறோம். ஆனால் செய்முறையை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டால் பாதி உண்மையை மறைத்த மாதிரி ஆகிவிடும். இதைச் செய்யப்போய் நாங்கள் செய்த இரண்டு தவறுகளையும் சேர்த்தே சொல்கிறோம்.

மலேசியாக்கா கொண்டு வந்த கைப்பக்குவம்

எங்கள் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். ஊரே அவரை மலேசியாக்கா என்றுதான் கூப்பிடும். எங்கள் கடற்கரைப் பக்கத்து ஊர்களுக்கும் பினாங்குக்கும் பழைய தொடர்பு உண்டு. ரஜூலா கப்பல், அதற்குப் பிறகு சிதம்பரம் கப்பல் என்று நாகப்பட்டினத்திலிருந்து போய் வந்ததைப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். 1985-இல் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்தது; அதோடு கப்பல் பயணக் கதையும் முடிந்தது. அக்கா போனது விமானத்தில். பினாங்கில் ஒரு வீட்டில் ஆறு வருஷம் வீட்டு வேலை பார்த்தார்.

ஏஜெண்ட் சொன்ன சம்பளம் ஒன்று, கைக்கு வந்த சம்பளம் ஒன்று. கடன் அடைந்தது, அவ்வளவுதான். திரும்பி வந்தபோது, "ஆறு வருஷம் இருந்தியே, என்ன கொண்டாந்த?" என்று கேட்காத ஆள் கிடையாது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணும் இல்ல, சமைக்கக் கத்துக்கிட்டேன்" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்திருக்கிறோம், மறைப்பானேன்.

ரோஜாக்கை அவருக்குக் கற்றுக் கொடுத்தது வேலை பார்த்த வீட்டுக்காரர்கள் இல்லை. பக்கத்து வீட்டு மலாய் அம்மா. மலாயில் வயதில் பெரிய பெண்களை 'மக்சிக்' என்பார்கள், நாம் பெரியம்மா, அத்தை என்கிற மாதிரி. அந்த மக்சிக் வேலி ஓரமாக ஒரு தட்டை நீட்டுவாராம். நீட்டும்போதே, "இதில் பெலாச்சான் இருக்கு, அது இறாலில் செய்தது. மாட்டிறைச்சி கிடையாது. நீ சாப்பிடுவியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் கொடுப்பாராம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆறு வருஷமும் அப்படித்தான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ரோஜாக் என்றால் என்ன

மலாய் மொழியில் ரோஜாக் என்றால் கலவை. பல மொழிச் சொற்களைக் கலந்து பேசினால் அதையும் 'ரோஜாக் பேச்சு' என்பார்களாம். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் சேர்ந்து வாழும் நாட்டுக்குப் பொருத்தமான பண்டம்தான்.

அதிலும் பல வகை உண்டு. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் கடையில் விற்பதற்குப் 'பசம்பூர்' என்று பெயர். அதில் பருப்பு வடை, இறால் வடை, அவித்த உருளைக்கிழங்கு, முட்டை, வெள்ளரி எல்லாம் போட்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கடலையும் சேர்ந்த கெட்டிக் குழம்பை ஊற்றுவார்கள். நாங்கள் செய்தது பழ ரோஜாக். அன்னாசி, வெள்ளரி, மாங்காய், கொய்யா, வாட்டர் ஆப்பிள் என்று நம் பழக்கடையில் விற்கிறார்களே அந்தப் பழம், அப்புறம் 'செங்குவாங்' என்று ஒரு கிழங்கு. தோலை உரித்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும், கடித்தால் நறுக்கென்று தண்ணீராக இருக்குமாம். இவற்றை வெட்டிப் போட்டு, மிளகாய், புளி, வெல்லம், பெலாச்சான், வறுத்த கடலை சேர்த்து இடித்த கெட்டிச் சாந்தில் புரட்டி எடுத்தால் அதுதான் ரோஜாக். பினாங்குக் கடைகளில் 'ஹேகோ' என்ற கறுப்பு இறால் பாகையும் சேர்ப்பார்கள். பார்க்க நம் கருப்பட்டிப் பாகு மாதிரியே இருக்குமாம்.

பெலாச்சான் என்பது பொடி இறாலை உப்புப் போட்டுக் காயவைத்து, இடித்து, புளிக்கவைத்துக் கட்டியாகச் செய்வது. அப்படியே போட மாட்டார்கள். ஒரு துண்டை நெருப்பில் சுட்டு, வாசனை வந்த பிறகுதான் இடிப்பார்கள். முதல் தடவை அந்த வாசனைக்கு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாராம். நம் வீட்டில் கருவாடு சுடும்போது வெளியூர் விருந்தாளி ஓடுகிற மாதிரிதான்.

இன்னொரு சேதி. இந்தோனேசியாவின் ஜாவா தீவில் இதை 'ருஜாக்' என்பார்கள். அங்கே முதல் பிள்ளைக்கு ஏழாவது மாதம் ஒரு சடங்கு செய்கிறார்கள், நம் வளைகாப்பு மாதிரியே. அன்றைக்கு ருஜாக் கட்டாயம் உண்டு. வந்த விருந்தினர்கள் உடைந்த ஓட்டுச் சில்லைக் காசாகக் கொடுத்து அதை வாங்கிச் சாப்பிடுகிற வழக்கம் இருக்கிறது. இனிப்பாக இருந்தால் பெண் குழந்தை, காரமாக இருந்தால் ஆண் குழந்தை என்று சொல்லிக்கொள்வார்களாம். எது பிறந்தாலும் நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் வாய்க்குப் புளிப்பும் காரமும் தேடுகிற நேரத்தில் ஒரு பெண்ணுக்கு அதைச் செய்து கொடுக்க வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களுக்கும் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

தேவையான பொருட்கள் (6 பேருக்கு)

கிளிமூக்கு மாங்காய் - 1
அன்னாசி - சிறியதில் பாதி
வெள்ளரிக்காய் - 2
அரைப்பழமாக உள்ள கொய்யா - 2
வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை - 100 கிராம்
கருப்பட்டி - 75 முதல் 100 கிராம் வரை
புளி - சிறு எலுமிச்சை அளவு
காய்ந்த மிளகாய் - 4 அல்லது 5
சென்னாக்குன்னி - 2 தேக்கரண்டி
வறுத்த எள் - 1 மேசைக்கரண்டி
உப்பு - அரை தேக்கரண்டி

பெலாச்சான் நம் ஊர்க் கடையில் கிடைக்காது. அதற்குப் பதிலாகத்தான் சென்னாக்குன்னி. சில ஊரில் கூனி இறால் என்பார்கள். இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டோம். பெலாச்சானில் உள்ள புளித்த வாசனை இதில் வராது. ஆனால் இறால் ருசி வரும். மலேசியாவில் தென்னைப் பாளையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சிச் செய்யும் 'குலா மலாக்கா' என்ற வெல்லத்தைப் போடுவார்கள். நமக்குப் பனங்கருப்பட்டி இருக்கவே இருக்கிறது. செங்குவாங் கிழங்குக்குப் பதில் எதையும் தேட வேண்டாம், வெள்ளரியைக் கூடப் போட்டால் போதும்.

செய்முறை

கருப்பட்டியைத் தட்டி, கால் டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள். மண் இருந்தால் ஒரே கடியில் எல்லாம் போச்சு. வடிகட்டியதைக் கொதிக்கவைத்துக் கெட்டியானதும் இறக்கி ஆறவிடுங்கள். புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள்.

சென்னாக்குன்னியைத் தூசி, மண் போகப் புடைத்து, வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுங்கள். மிளகாயையும் தனியாக வறுங்கள், கருகவிடாதீர்கள். மலாய் வீடுகளில் இதற்கென்று கல் உரல் இருக்கும். நமக்கு அம்மியோ சின்ன உரலோ போதும். மிளகாய், உப்பு, சென்னாக்குன்னி மூன்றையும் முதலில் நைசாக இடியுங்கள். பிறகு கருப்பட்டிப் பாகு, புளிக்கரைசல். கடைசியாகக் கடலையில் பாதியை ஒன்றிரண்டாகத் தட்டிச் சேருங்கள். மீதிக் கடலையையும் எள்ளையும் மேலே தூவத் தனியாக வையுங்கள்.

பதம் எப்படி இருக்க வேண்டும்? கெட்டி இட்லி மாவு மாதிரி. கரண்டியால் எடுத்தால் பொத்தென்று விழ வேண்டும். இங்கேயே நாக்கில் வைத்துப் பாருங்கள். சாந்து மட்டும் சாப்பிடும்போது கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும். பழத்தோடு சேர்ந்தால் அடங்கிவிடும்.

பழங்களை உப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து வெட்டுங்கள். வெள்ளரியின் நடுவில் உள்ள விதைச் சோற்றை எடுத்துவிடுங்கள், அதில்தான் தண்ணீர் அதிகம். துண்டுகளை ஒரே அளவாக வெட்ட வேண்டும் என்பதில்லை. பினாங்குக் கடைக்காரர்கள் பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கோணல்மாணலாகச் சீவித் தள்ளுவார்களாம். கோணலாக இருந்தால்தான் சாந்து நன்றாக ஒட்டும்.

சாப்பிடப் போகிற நேரத்தில் பழத்தையும் சாந்தையும் ஒரு பீங்கான் அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டுப் புரட்டி, மேலே கடலையும் எள்ளும் தூவிக் கொடுங்கள். புளி சேர்வதால் பித்தளை, அலுமினியப் பாத்திரம் வேண்டாம்.

முதல் தவறு: அவசரப்பட்டுக் கலந்தது

ஆடி மாதம் எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் குழு சார்பாக ஒரு கடை போட்டோம். உள்கடனாகக் கொஞ்சம் பணம் எடுத்து, பத்துப் பேரும் விடிகாலையில் எழுந்து வெட்டினோம். கூட்டம் வந்த பிறகு கலந்துகொண்டிருக்க முடியாது என்று, காலையிலேயே அண்டா நிறையக் கலந்து வைத்துவிட்டோம். மலேசியாக்கா, "வேண்டாம், அப்பப்போ கலக்கணும்" என்றார். நாங்கள்தான் கேட்கவில்லை.

பத்து மணிக்குத் திறந்து பார்த்தால் அண்டாவில் பாதி தண்ணீர். உப்பும் வெல்லமும் பட்டதும் பழம் தண்ணீர் விட்டுவிடும். மாங்காயை உப்புப் போட்டு ஊறவைக்கும்போது தினமும் பார்ப்பதுதானே, அந்த நேரத்துக்கு மறந்து போச்சு. கடலை ஊறி நமநமத்துப் போனது. பாதிக்கு மேல் கொட்டினோம். அன்றைய நஷ்டம் 640 ரூபாய். மறுநாள் சாந்து தனி, பழம் தனி என்று வைத்துக்கொண்டு, கேட்க கேட்கக் கலந்து கொடுத்தோம். நஷ்டத்தில் பெரும்பகுதி திரும்ப வந்தது.

இரண்டாவது தவறு: சொல்லாமல் கொடுத்தது

640 ரூபாய் நஷ்டத்தை நோட்டில் எழுதிவிட்டோம். இந்த நஷ்டத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

அதே மறுநாள், பக்கத்துத் தெருக் குழுவைச் சேர்ந்த ஒரு சகோதரி கடைக்கு வந்தார். மகளுக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று காப்புக் கட்டி, விரதம் இருந்தவர். பழம்தானே என்று வாங்கிச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று இன்னொன்றும் வாங்கினார். "என்னக்கா போட்டீங்க, ஒரு தனி ருசி வருதே?" என்று கேட்டார். மலேசியாக்கா பெருமையாக, "சென்னாக்குன்னி வறுத்து இடிச்சிருக்கோம்" என்றார்.

அந்த அம்மா முகம் அப்படியே சுருங்கிவிட்டது. இலையைக் கீழே வைத்தார். அடிபம்புக்குப் போய் வாயைக் கொப்பளித்தார். திரும்பி வந்து சண்டை போடவில்லை. "பழம்னு நெனச்சுதான்க்கா வாங்குனேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதுகொண்டே போனார்.

அன்று சாயங்காலம் குழுவில் பெரிய சத்தம். "கோயில் வாசலில் இறால் விற்றது யார் யோசனை?" என்று ஒருவரையொருவர் கேட்டோம். சிலர் எல்லாப் பழியையும் மலேசியாக்கா மேல் போட்டார்கள். கடை போடலாம் என்று தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டது நாங்கள் எல்லோரும்தானே? அதை யாரும் பேசவில்லை. அக்கா, "நான் குழுவை விட்டுப் போயிடுறேன்" என்று எழுந்துவிட்டார்.

வாசல்வரை போனவர் நின்று ஒன்று சொன்னார். "பினாங்குல அந்த மக்சிக் ஆறு வருஷம் என்னைக் கேட்டுக் கேட்டுக் கொடுத்தாங்க. ஒரு தடவைகூட கேக்காமக் கொடுத்தது இல்ல. கைப்பக்குவத்தை மட்டும் கத்துக்கிட்டு வந்தேன், அதைக் கத்துக்காம வந்துட்டேன்."

அதற்குப் பிறகு யாருக்கும் பேச்சு வரவில்லை. அவரை உட்கார வைத்தோம். மறுநாள் காலையில் பத்துப் பேரும் சேர்ந்து அந்தச் சகோதரி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் உடனே சிரித்துப் பேசிவிட்டார் என்று சொன்னால் அது பொய். கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க அடுத்தவங்களுக்காவது சொல்லிக் கொடுங்க" என்றார். அந்த வார்த்தையைத்தான் இன்றைக்கு இங்கே கொண்டு வந்திருக்கிறோம்.

இப்போது நாங்கள் செய்வது

சைவச் சாந்து, இறால் சாந்து என்று இரண்டு செய்கிறோம். அம்மி, கரண்டி, பாத்திரம் எல்லாம் தனித்தனி. சைவத்தில் சென்னாக்குன்னிக்குப் பதில் எள்ளைக் கூட்டி, ஒரு சிட்டிகை இந்துப்பு சேர்க்கிறோம். கோயில் திருவிழா என்றால் சைவம் மட்டும்தான்.

என்னென்ன போட்டிருக்கிறோம் என்று அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டுகிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்கிறோம். நிலக்கடலை இருக்கிறது என்றும் சொல்கிறோம். சிலருக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது, மூச்சுத் திணறல்கூட வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கருப்பட்டி போட்டதைச் சொல்லிவிடுகிறோம்.

வெட்டிய பழத்தை மூடி வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறோம். மிச்சம் இருந்தால் மறுநாளுக்கு வைப்பதில்லை. ஒன்றாம் நம்பர் பழமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் அழுகியதை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் போடும் வேலை கூடாது. செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பதில்லை, மை ஒட்டும். 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், தொன்னையும் வாழை இலையும்தான். விற்பனை செய்ய நினைக்கும் குழுக்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும், மறக்காதீர்கள்.

விற்க விருப்பம் இல்லாதவர்கள் வீட்டுக்காவது செய்யுங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. கீரையும் பருப்பும் தின்றால் மட்டும் போதாது, அதில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட வைட்டமின் சி வேண்டும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு அது இருக்கிறது. சமைத்தால் ஒரு பகுதி போய்விடும், பச்சையாகத் தின்றால்தான் முழுப் பலன். கீரைச் சோறு சாப்பிடும் வேளையில் இந்தக் கலவையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதைத் தள்ளிப் போடுங்கள், அது இரும்புச்சத்தைச் சேரவிடாது. நாம்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு அடிச்சட்டியை வழிப்பவர்கள் ஆச்சே. இதில் நமக்கும் ஒரு பங்கு முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்வோம்.

சகோதரிகளே, நம் குழுவும் ஒரு ரோஜாக்தான். பல தெரு, பல சாதி, பல சாமி. ஒருவர் புளிப்பு, ஒருவர் காரம். கலப்பதில் தப்பே இல்லை. என்ன கலந்தோம் என்பதை மறைப்பதில்தான் தப்பு. மாதா மாதம் கணக்கு நோட்டை எல்லோர் முன்னாலும் விரித்து வைக்கிறோம், அதனால்தான் ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இருக்கிறது. அடுப்படியிலும் அதே பழக்கம் வேண்டும்.

கடைசியாக ஒன்று. "என்ன கொண்டாந்த?" என்று மலேசியாக்காவை இப்போது யாராவது கேட்டால் நாங்களே பதில் சொல்கிறோம். வெளிநாட்டுக்கோ வெளியூருக்கோ வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள் உங்கள் குழுவிலும் இருப்பார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்களை உட்கார வைத்து, என்ன கற்றுக்கொண்டு வந்தார்கள் என்று கேளுங்கள். சிரிக்காமல் கேளுங்கள்.

வாசலில் இரண்டு வாளி வைத்திருக்கிறோம். பச்சைத் துணி கட்டியது சைவம். சிவப்புத் துணி கட்டியது இறால் போட்டது. இரண்டிலும் நிலக்கடலையும் கருப்பட்டியும் உண்டு. கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.